கைக்குழந்தையோடு ஒரு நாள் வெளியே: எங்கே என்பதற்கு முன் எப்போது

கேள்வி: என் மகனுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. மகளுக்கு ஐந்து வயது. தம்பி பிறந்ததிலிருந்து நாம் எங்கேயுமே போவதில்லை என்று மகள் ஏங்கியதால், போன விடுமுறை நாளில் காரில் கிளம்பினோம். இரண்டு மணி நேரப் பயணத்தில் விலங்குக் காட்சிச்சாலை, மதியம் உறவினர் வீடு, திரும்பும் வழியில் கடை என்று திட்டம். மூன்று பை நிறையச் சாமான் எடுத்துப் போனேன். காரில் நன்றாகத் தூங்கியவன், இறங்கியதும் அழ ஆரம்பித்தான். வெயில் படாமலிருக்க ஸ்ட்ரோலர் மேல் துணி போட்டு மூடினேன், அழுகை கூடியது. பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். மகள் ஆசைப்பட்ட யானையைக்கூடப் பார்க்காமல் பாதியில் திரும்பினோம். வழியெல்லாம் எனக்கும் கணவருக்கும் வாக்குவாதம். அன்று இரவு மணிக்கொரு முறை எழுந்து பால் கேட்டான். மற்ற அம்மாக்கள் எல்லாம் சுலபமாகச் செய்வதை என்னால் மட்டும் ஏன் செய்ய முடியவில்லை? பேசாமல் அவனுக்கு ஒரு வயது ஆகும்வரை வீட்டோடு இருந்துவிடலாமா?
— ஒரு வாசகி

குழந்தைகள் நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு வயது வரை வீட்டோடு இருந்துவிட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன். அன்று உங்கள் மகன் செய்ததில் ஒன்றுகூட எனக்கு வியப்பாக இல்லை. நான்கு மாதக் குழந்தை அந்தச் சூழ்நிலையில் அப்படித்தான் நடந்துகொள்ளும். வெளிக்காற்றும் வெளிச்சமும் புது முகங்களும் அவனுக்கு நல்லவை. உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் அவை இன்னும் அவசியம். பிசகியது திட்டம். அந்த நாளை நீங்கள் மூன்று பேருக்காகத் திட்டமிட்டீர்கள். நான்காவது ஆளின் சாமான்கள் எல்லாம் பையில் ஏறின, அவனுடைய தூக்க நேரமும் பால் நேரமும் மட்டும் கணக்கில் ஏறவில்லை.

இந்த வயதுக் குழந்தையால் ஒரு தூக்கத்துக்கும் அடுத்த தூக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம்தான் விழித்திருக்க முடியும். அதற்குள் பால் குடித்து, ஏப்பம் விட்டு, டயப்பர் மாற்றி, கொஞ்சம் வேடிக்கையும் பார்த்தாக வேண்டும். பிறகு கண் செருகத் தொடங்கிவிடும். நான்கு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரையுள்ள குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. நாளில் பாதியோ அதற்கு மேலோ தூங்கியாக வேண்டிய ஒருவனை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை மூன்று இடங்கள் என்றால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

அன்று என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். காரின் அசைவில் அவன் தூங்கினான். வண்டி நின்றதும் அசைவு நின்றது, கதவு திறந்தது, வெயிலும் இரைச்சலும் ஒன்றாக முகத்தில் அடித்தன. தூக்கம் கலைந்த எரிச்சலும் பசியும் சேர்ந்துகொண்டன. அந்த இரண்டும் அடங்குவதற்குள் அடுத்த தூக்கத்துக்கான நேரம் நெருங்கிவிட்டது. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தைக்குத் தூக்கம் எளிதில் வராது. அழுகைதான் வரும்.

ஆகவே, எங்கே போகலாம் என்ற பேச்சைச் சில நாள் தள்ளிவையுங்கள். இவன் எந்த நேரத்தில் நன்றாக இருக்கிறான் என்று முதலில் பாருங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தாளில் எழுந்த நேரம், பால் குடித்த நேரம், தூங்கிய நேரம் ஆகியவற்றை மட்டும் குறித்து வாருங்கள். நிமிடக் கணக்கு வேண்டாம், குத்துமதிப்பாக இருந்தால் போதும். நாளுக்கு நாள் நேரம் முன்பின் ஆனாலும், அவன் மலர்ந்த முகத்தோடு இருக்கும் பொழுது ஒன்று அந்தத் தாளில் தெரிந்துவிடும். பல குழந்தைகளுக்கு அது காலையின் முதல் குட்டித் தூக்கம் முடிந்து எழும் நேரம். பொழுது சாயச் சாயச் சிணுங்கல் கூடுவது இந்த வயதின் இயல்பு. மாலையில் தொடங்கும் திட்டங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அந்த நல்ல பொழுதில் உங்கள் பயணத்தைப் பொருத்துங்கள். தூங்கி எழுந்ததும் வீட்டிலேயே வயிறு நிறையப் பால். உடனே கிளம்பி அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் ஓர் இடம். அங்கே ஒரு மணி நேரம். கண் செருகும் முன் திரும்பக் கிளம்பினால், அடுத்த தூக்கத்தின் பெரும்பகுதி வழியிலேயே நடந்துவிடும். வாசலைத் தாண்டியதிலிருந்து மறுபடி வாசலை மிதிக்கும் வரை மூன்று மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்காகவா இவ்வளவு பாடு என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். ஆம், இப்போதைக்கு இவ்வளவுதான். பாதியில் திரும்பிய முழுநாளைவிட, முகம் சுளிக்காமல் முடிந்த மூன்று மணி நேரம் உங்கள் மகளுக்கு நிறையக் கொடுக்கும்.

போன இடத்தில் கடிகாரத்தைவிட அவன் முகத்தைப் பாருங்கள். களைப்பு வரும்போது குழந்தை முதலில் செய்வது மிகச் சின்ன விஷயம்: உங்கள் முகத்திலிருந்து பார்வையை விலக்கி, எங்கோ வெறித்துப் பார்ப்பான். கைகால் ஆட்டம் குறையும். சில குழந்தைகளுக்குப் புருவத்தின் மேலே லேசாகச் சிவக்கும். பிறகுதான் கொட்டாவி, கண்ணைக் கசக்குவது, காதைப் பிடித்து இழுப்பது எல்லாம். முதுகை வில்லாக வளைத்து வீறிட்டால் நாம் ஏற்கெனவே தாமதம். பசியின் அடையாளங்கள் வேறு: தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடுவான், நாக்கை நீட்டுவான், கையை வாய்க்குக் கொண்டுபோவான். கை வாய்க்குப் போவது மட்டும் இந்த வயதில் பசியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, விளையாட்டாகவும் இருக்கலாம்; மற்றவற்றோடு சேர்த்துப் பாருங்கள். பார்வை விலகிய அந்த நேரத்திலேயே நிழலான, அமைதியான ஒரு மூலைக்கு அவனைக் கொண்டுபோய்விட்டால் பெரும்பாலும் அழுகையே இராது.

இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பினான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு மாதத்தில் குழந்தையின் கண்ணுக்குத் தூரத்திலிருப்பவையும் தெளிவாகத் தெரியத் தொடங்குகின்றன. நேற்றுவரை மார்பையும் உங்கள் முகத்தையும் மட்டும் பார்த்துக் குடித்தவனுக்கு, இன்று பக்கத்தில் நடந்துபோகிறவரின் சட்டை நிறம்கூட ஆச்சரியம். பால் பிடிக்கவில்லை என்றோ, பால் போதவில்லை என்றோ நினைக்க வேண்டாம். வெளியே போன இடத்தில் கூட்டத்துக்கு முதுகு காட்டி, சுவரையோ செடியையோ பார்த்தபடி உட்கார்ந்து கொடுங்கள். காரில் வந்திருந்தால் இறங்குவதற்கு முன் கதவுகளைத் திறந்துவைத்து உள்ளேயே கொடுக்கலாம். மறைப்புக்குத் துணி போட்டுக்கொள்வது உங்கள் விருப்பம். போட்டால் அவன் மூக்குக்குக் காற்று போகிறதா, முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் குழந்தைக்குப் பால் கொடுப்பதற்கு நீங்கள் யாரிடமும் கூச வேண்டியதில்லை.

அன்று இரவு அவன் மணிக்கொரு முறை எழுந்ததற்கும் காரணம் இதுதான். பகலில் கொறித்துக் கொறித்துக் குடித்ததை இரவில் ஈடுகட்டினான். வெளியே போய்வந்த நாளில் வீடு திரும்பியதும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கைக் குறைத்து, நிதானமாக ஒரு முறை பால் கொடுத்துவிடுங்கள். இரவு ஓரளவு அமைதியாகும்.

பிழிந்தெடுத்த தாய்ப்பாலைக் கொண்டுபோனால், 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம் தாங்கும். உறைந்த ஐஸ் பேக் வைத்த குளிர்காப்புப் பையில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். வெயிலில் திரியும் நாளில் முதல் கணக்கை நம்பாதீர்கள், ஐஸ் பேக் வைத்தே எடுத்துப் போங்கள். பவுடர் பால் கொடுப்பதாக இருந்தால், வீட்டிலேயே கலக்கிப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போகும் பழக்கம் வேண்டாம். கலக்கிய பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அளந்த பவுடரைத் தனி டப்பாவிலும், கொதிக்கவைத்த நீரை நல்ல பிளாஸ்கிலும் எடுத்துப் போங்கள். பவுடர் பால் கிருமியில்லாத பொருள் அன்று. அதனால் கலக்கும்போது நீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கலக்கிய பிறகு பாட்டிலைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். வெயிலாக இருக்கிறதே என்று யாராவது தண்ணீர் புகட்டச் சொன்னால் கேட்க வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர் தேவையில்லை. அடிக்கடி பால் கொடுத்தால் போதும்.

இப்போது அந்தத் துணி. உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்தது இது ஒன்றுதான். வெயிலுக்கு மறைப்பாக ஸ்ட்ரோலரைத் துணியால் மூடுவது பார்வைக்கு அக்கறையாகத் தெரியும். மெல்லிய துணியானாலும் உள்ளே காற்றோட்டம் நின்றுவிடும். மூடி போட்ட பாத்திரம்போல உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும். குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். போதாக்குறைக்கு அவன் முகம் உங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. வெப்பத்தில் துவண்டுபோன குழந்தை அழாமல் அமைதியாகக் கிடக்கும். வெளியிலிருப்பவர்கள் தூங்குகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். அன்று உங்கள் மகன் அழுததே நல்லது.

வண்டியோடு வரும் கூரை, பக்கவாட்டில் பிடிக்கும் குடை, மர நிழல், கட்டட நிழல் இவை போதும். காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையிலான கடும் வெயிலைத் தவிர்ப்பது எல்லாவற்றிலும் நல்லது. கைகால் மூடிய தளர்வான பருத்தி உடையும், அகலமான விளிம்புள்ள தொப்பியும் போடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் முதல் வழி அன்று. நிழலும் உடையும்தான் முதல் வழி. ஒதுங்க நிழலே இல்லாத இடத்தில் மட்டும் முகம், புறங்கை போன்ற சிறு பகுதிகளில் கொஞ்சமாகத் தடவலாம். கொசு உள்ள இடமென்றால் காற்று நன்றாகப் போகும் வலையைப் போடுங்கள். உடம்பு சூடாக இருக்கிறதா என்று உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். குழந்தையின் கைகால்கள் எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். பிடரியிலோ மார்பிலோ விரலை வைத்துப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தாலோ சுட்டாலோ ஓர் உடையைக் கழற்றுங்கள், நிழலுக்குப் போங்கள், பால் கொடுங்கள்.

காரைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கென உள்ள கார் சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி, பின் இருக்கையில்தான் அவன் பயணம் செய்ய வேண்டும். ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் அந்தச் சீட்டை ஒருபோதும் வைக்கக்கூடாது. ஏர்பேக் விரியும் வேகமே குழந்தையின் உயிரைப் பறித்துவிடும். மடியில் இறுகப் பிடித்துக்கொண்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். மோதலின் வேகத்தில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்துவைத்திருக்க முடியாது. பட்டைகளைப் பூட்டிய பிறகு தோளருகே பட்டையை விரல்களால் கிள்ளிப் பாருங்கள்; மடிப்பு கைக்குச் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். தடித்த மேலுடையோடு பட்டை போட வேண்டாம். பட்டை உடலோடு ஒட்டாது. குளிர் என்றால் பட்டையைப் பூட்டியபின் இடுப்புவரை போர்வை போர்த்தலாம்.

இந்தச் சீட்டில் குழந்தை தூங்குவது பயணத்துக்கு மட்டும்தான். இந்த வயதில் தலை கனம், கழுத்துத் தசைகள் வலுவற்றவை. உட்கார்ந்த நிலையில் தூங்கும்போது தலை முன்னால் சரிந்து தாடை மார்பில் பதிந்தால் மூச்சுக்குழல் மடங்கும். ஒருவர் ஓட்டினால் மற்றவர் பின்னால் குழந்தையின் பக்கத்தில் உட்காருங்கள். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முறையாவது நிறுத்தி, அவனை வெளியே எடுத்து, சமமான இடத்தில் படுக்கவைத்துக் கைகாலை நீட்டவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும், தூங்குகிறானே என்று சீட்டோடு தூக்கிக்கொண்டுபோய் மேசை மேல் வைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. எழுந்துவிடுவானோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. எழுந்தாலும் பரவாயில்லை, எடுத்து மல்லாந்து படுக்கவையுங்கள்.

நிறுத்திய காரில் குழந்தையை விட்டுவிட்டு இறங்கவே கூடாது, ஒரு நிமிட வேலையாக இருந்தாலும். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைப்பதால் இதில் பெரிய மாற்றம் வராது. தூங்கும் குழந்தை பின் இருக்கையில் இருப்பதையே களைத்துப்போன பெற்றோர் மறந்துவிடுவதும் நடக்கிறது. உங்கள் கைப்பையையோ செல்போனையோ அவன் காலடியில் வைத்துவிடுங்கள்; இறங்கும்போது கட்டாயம் பின்கதவைத் திறப்பீர்கள்.

நடக்கும் இடங்களில் என் ஓட்டு பேபி கேரியருக்கு. கூட்டத்திலும் படிக்கட்டிலும் ஸ்ட்ரோலர் சுமையாகிவிடும். நெஞ்சோடு அணைந்திருக்கும் குழந்தையோ அசைவில் தானாகத் தூங்கிவிடும். கேரியரில் அவன் முகம் எப்போதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் அவன் இருக்க வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே ஒரு விரல் இடமாவது இருக்கட்டும். தொடைகள் தாங்கப்பட்டு, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து இருப்பது இடுப்பு மூட்டுக்கு நல்லது. கால்கள் நேராகத் தொங்கும்படியான கேரியரை வாங்க வேண்டாம். இரண்டு உடல்களின் சூடு சேருவதால், வெயில் நாளில் அடிக்கடி அவிழ்த்து அவனைக் காற்றாட விடுங்கள். அறுவைச் சிகிச்சையில் பிரசவமாகியிருந்து இன்னும் வலி இருந்தால், கேரியரைக் கணவர் அணியட்டும். அப்பாவின் நெஞ்சிலும் குழந்தைகள் நன்றாகவே தூங்குகிறார்கள்.

இடத்தைப் பொறுத்தவரை நான் பார்ப்பவை சிலதான். நிழல் இருக்கிறதா, உட்கார இடம் இருக்கிறதா, கைகழுவவும் டயப்பர் மாற்றவும் வசதி இருக்கிறதா, வேண்டும்போது உடனே வெளியேற முடியுமா. பூங்கா, நீர்க்கரை, கூட்டமில்லாத நேரத்தில் அருங்காட்சியகம், முற்றம் உள்ள நண்பர் வீடு எல்லாமே ஒத்துவரும். ஒலிபெருக்கி அலறும் நிகழ்ச்சி, மூடிய அரங்கில் நெருக்கியடிக்கும் கூட்டம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை ஒன்பது மாதத்திலோ பன்னிரண்டு மாதத்திலோதான் போடப்படுகிறது. அதுவரை அந்த நோய் பரவியிருக்கும் பகுதிக்கும் காலத்துக்கும் விலகி இருப்பது நல்லது. அவன் வயதுக்குரிய மற்றத் தடுப்பூசிகள் முடிந்திருக்கின்றனவா என்று அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறவினர் வீட்டுக்குப் போவதை வேறொரு நாளுக்கு, தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவன் கை மாறி மாறிப் போவான். ஒவ்வொரு புது முகமும் அவனுக்கு ஒரு வேலை. தூக்குகிறவர்கள் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும், முகத்தில் முத்தமிட வேண்டாம், சளி இருமல் உள்ளவர்கள் தள்ளி நின்று கொஞ்சட்டும். சொல்லச் சங்கடமாக இருந்தால் மருத்துவர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள்.

பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே பை. மணிக்கு ஒன்று என்ற கணக்கில் டயப்பரும் அதற்கு மேல் இரண்டும், வைப்ஸ், விரிக்க ஒரு துணி, அவனுக்கு இரண்டு மாற்றுடை, அழுக்கைக் கட்ட ஒரு பிளாஸ்டிக் பை. உங்களுக்கு ஒரு மாற்று மேலாடையும் ஒரு பாட்டில் குடிநீரும். தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவுக்குத் தாகம் அதிகம், அதை யாரும் நினைவுவைத்துக்கொள்வதில்லை. முந்தைய இரவே கட்டிவைத்து, வந்ததும் தீர்ந்ததை நிரப்பிக் கதவருகே மாட்டிவிட்டால் அடுத்த முறை கிளம்புவது பாதி முடிந்த மாதிரி.

உங்கள் மகளைப் பற்றி. கடிதத்தில் என் மனத்தில் தங்கிய வரி அவள் யானை பார்க்காமல் திரும்பியதுதான். ஐந்து வயதுக் குழந்தைக்கு, தம்பி அழுததால் தன் நாள் போயிற்று என்பது நன்றாகப் புரியும். அது ஓரிரு முறை நடந்தால் தம்பி மேல் மனக்கசப்பு முளைக்கும். ஆகவே போகும் இடத்தில் அவளுக்கென்று ஒன்றை முன்பே முடிவுசெய்து, அதை முதலில் நடத்திவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் நேராக யானை. மற்றவை கிடைத்தால் பார்க்கலாம். அவன் சிணுங்க ஆரம்பித்தால் ஒருவர் அவனோடு நிழலில் இருங்கள், மற்றவர் மகளோடு நடக்கட்டும். நால்வரும் எந்நேரமும் ஒன்றாகவே இருந்தால்தான் குடும்பப் பயணம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் கையில் தம்பியின் தொப்பியையோ கிலுகிலுப்பையையோ பொறுப்பாகக் கொடுத்துப் பாருங்கள்.

வழியில் வந்த வாக்குவாதத்துக்கும் ஒரு மருந்து இருக்கிறது. கிளம்பும் முன்பே இருவரும் பேசி ஒத்துக்கொள்ளுங்கள்: யார் முதலில் "போதும், வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னாலும் மற்றவர் காரணம் கேட்காமல் கிளம்ப வேண்டும், அன்று முழுக்க அதைக் குத்திக்காட்டக்கூடாது. டயப்பர் யார், பால் பாட்டில் யார், பை யார் என்பதையும் வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். அழும் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பேசினால் சண்டையில்தான் முடியும்.

மற்ற அம்மாக்கள் சுலபமாகச் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மருத்துவ அறைக்கு வரும் அம்மாக்களில் பலர் இதே வரியைச் சொல்கிறார்கள், ஒவ்வொருவரும் தான் மட்டும் திணறுவதாக நினைத்துக்கொண்டு. உங்கள் மகனுக்குத் தேவையானதை நீங்கள் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தச் சோர்வு அந்த ஒரு நாளோடு நின்றதா, இல்லை தினமும் இருக்கிறதா? இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் கனத்தே இருந்தால், குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் ஆசையில்லாமல் போனால், தயங்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு பலருக்கும் வருகிறது, சிகிச்சையில் குணமாகிறது. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் அன்றே, உடனே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

சில நாட்களில் கிளம்பவே வேண்டாம். குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தால், வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால், மூச்சு வாங்கினால் திட்டத்தை ரத்துசெய்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகனின் வயதில் 39 டிகிரி என்றால் அப்படி. வெளியே போன இடத்தில் அவன் துவண்டு, எழுப்பினாலும் சரியாக எழாமல், பால் வேண்டாமென்று, ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். அருகிலுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் அந்த விலங்குக் காட்சிச்சாலைக்கு இப்போது மறுபடி போக வேண்டாம். வரும் விடுமுறையில் அரை மணி நேரத்துக்குள் இருக்கும் ஒரு பூங்காவுக்கு, அவனுடைய முதல் தூக்கம் முடிந்ததும் போங்கள். ஊஞ்சலோ வாத்துக் குளமோ, எதை முதலில் பார்ப்பது என்பதை மகளே முடிவுசெய்யட்டும். இரண்டு மூன்று முறை இப்படிப் போய்வந்தால், கிளம்புவதும் திரும்புவதும் உங்கள் நால்வருக்கும் பழகிவிடும். அவனுக்கு ஆறேழு மாதம் ஆகும்போது விழித்திருக்கும் நேரம் இரண்டரை, மூன்று மணி நேரமாக நீளும்; தலையும் நன்றாக நிற்கும். யானையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு முறை நிறுத்தி அவனை எடுத்து நீட்டவிட்டு, அங்கே போய்ச் சேர்ந்ததும் முதலில் பால், பிறகு நேராக யானை, அதற்குப் பிறகு வீடு. இடையில் உறவினர் வீடும் கடையும் வேண்டாம். உங்கள் மகளிடம் இதை இப்போதே சொல்லி, அந்த மாதத்தை நாட்காட்டியில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.